மாமனார் கொட்டிய ஜிப்சம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

எங்கள் வீடு பெரம்பலூர்ப் பக்கம், மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு ஊரில். வந்தவர்கள் கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள காமயகவுண்டன்பட்டிக்காரர்கள். திராட்சைத் தோட்டமும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லி வந்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

அப்பாவுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "தாவரவியல்ல ஆராய்ச்சிப் பட்டம்ங்க. ஜிப்சம் மண்ணுல என்னென்ன செடி வளருதுன்னு அஞ்சாறு வருஷம் காடு காடா அலைஞ்சு படிச்சிருக்கு."

அந்த அம்மா திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த அம்மா தொடங்கி வைக்க, பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி, பெரியம்மா வரிசை முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளை குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்காதவர் ஒருவர்தான். என் வருங்கால மாமனார். அவர் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரை, ஏதோ முக்கியமான தேதியைத் தேடுகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசக் கூடாது என்று என் சித்தி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் பேசினேன். எங்கள் ஓடையில் மழை மண்ணை அறுத்துக்கொண்டு போனபின் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் கல் கிடைக்கும், அதுதான் ஜிப்சம் என்றேன். அது நிறைந்த தரை காய்ந்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். விதை முளைத்தாலும் அதைப் பிளந்துகொண்டு வர முடியாது. செடிக்கு வேண்டிய சத்தும் அங்கே குறைவு. அப்படியும் சில செடிகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வேறு நாடுகளில் ஜிப்சம் தரையைவிட்டு வேறெங்கும் வளராத செடிகளே உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு, கோடையில் அந்தக் கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீரையே எடுத்துக் குடிப்பதாகச் சொல்கிறார்கள். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

சிரிப்பு நின்றது. அந்த அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கல்லுக்குள்ள தண்ணியா?"

"ஆமாங்க."

"அப்ப எங்ககிட்ட ஒரு குளம் அளவுக்குத் தண்ணி இருக்கு, தாயி" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

என் அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க ஒரு மாதிரி இருக்காங்களேடி" என்று பயந்தார். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் பேசட்டும் என்று எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு அவர் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்கிடாதீக. உங்களைப் பாத்துச் சிரிக்கல. எங்க அப்பாவைப் பாத்துத்தான் சிரிச்சாக."

"ஏன்?"

"அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

"இப்பவே சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு எங்க ஊருக்கு வரப்போறீக?"

அந்த ஒரு பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் கழுத்தை நீட்டினேன் என்று இன்றைக்கும் அவரிடம் சொல்வேன். அது முழுப் பொய்யும் இல்லை.

*

காமயகவுண்டன்பட்டிக்கு வந்த புதிதில் எனக்குக் கண் கூசியது. பச்சையினால். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை யாரும் நின்று பார்க்கக்கூட இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் ஓடினால் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்போம். தலைக்கு மேல் திராட்சைப் பந்தல், அதற்கு அப்பால் நெல், அதற்கும் அப்பால் தென்னை, எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாக மலை. பட்டினி கிடக்கும் செடிகளைப் படித்த எனக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. அதுவரை வீட்டில் என் வேலை, எல்லோரும் கேலி செய்ய வாகாக இருப்பது.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டால், "இங்கவா? இங்கனன்னு சொல்லத் தெரியாதாக்கும்" என்பார் அத்தை, என் மாமியார். "அவங்க வந்தாங்க" என்றால், "வந்தாங்கவாம்! வந்தாகன்னு சொல்லு தாயி, வாய் வலிக்காது" என்பார். ஆளைக் கேலி செய்யாமல் அத்தைக்குச் சோறு இறங்காது. ஆனால் கேலி செய்துகொண்டே அடுத்தவர் தட்டில் இரண்டாவது மீன் துண்டை வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது என் கணவரை நான் கேட்டேவிட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்னீங்களே."

அவர் அப்பாவைப் பார்த்தார். மாமா ரசத்தில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"நான் சொல்லுறேன், கேளு."

அத்தையின் பிறந்த ஊர் தேவாரம். மலையடிவாரத்து ஊர்தான், ஆனால் மழை அந்த மலையின் மறுபக்கத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளும். அங்கே அத்தையின் அப்பா மகளுக்குக் கொடுத்த புஞ்சை ஒன்று உண்டு. மழையை நம்பி கடலையும் மொச்சையும் போடுகிற நிலம். அதில் கடலை சரியாகக் காய்ப்பதில்லை என்று மாமா யாரிடமோ யோசனை கேட்டிருக்கிறார். ஜிப்சம் போட்டால் காய் திரட்சியாகப் பிடிக்கும், மண்ணும் பொலபொலவென்று ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது சரியான யோசனைதான். மூட்டைக் கணக்கில் வாங்கினால் போதும். மாமா ஒரு முழு லாரி சொன்னார்.

"லாரி வந்துச்சு. வந்தது போய் ஒரு மூலையில சொருகிக்கிருச்சு. ஆளைக் கூப்பிட்டு நிலம் பூராம் எறச்சு விட்டிருக்கணும்ல? உங்க மாமா அங்கனயே மொத்தமாக் கொட்டச் சொல்லிட்டாக. கொட்டினதை மறந்தும் போயிட்டாக. மறுநாளே மழை. எங்க ஊருல மழை பெய்யாது தாயி, அன்னைக்குன்னு பாத்துப் பெஞ்சுச்சு. அப்புறம் வெயில். அப்புறம் மழை. கோட்டை மாதிரி இறுகிப்போச்சு. கடப்பாரை போட்டா கடப்பாரை திரும்பி வருது."

"அது அப்பிடியே கெடக்குதா?" என்றேன். என் வாயில் அவர்கள் பேச்சு வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

"கெடக்காம? ஊருல அதுக்கு வெள்ளைக்கோட்டைன்னே பேரு. எங்க அண்ணன் மகன் பொண்டாட்டி துன்னூறு தீந்துபோனா அங்கன போய் எடுத்துக்கிடலாமான்னு கேக்குறா."

மாமா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த மூலைப் பக்கமே அவர் போவதில்லையாம். நிலத்துக்குப் போனாலும் தெற்கு வரப்பில் ஏறித் தெற்கு வரப்பிலேயே இறங்கி வந்துவிடுவாராம். கொட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நான் அதைப் பாக்கணும்" என்றேன்.

*

உத்தமபாளையம் போய் பஸ் மாறி, அத்தை, நான், என் கணவர் மூவரும் போனோம். மாமாவுக்கு அன்று திராட்சைக்கு மருந்து அடிக்கும் வேலை இருந்தது. அது முந்தின நாள் முடிந்த வேலை என்று அத்தை பஸ்ஸில் சொன்னார்.

நிலத்தின் வடக்கு மூலையில் அது இருந்தது. இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேல். தூரத்திலிருந்து பார்க்க, யாரோ பாதி கட்டி விட்டுவிட்டுப் போன வீட்டின் அஸ்திவாரம் மாதிரி. ஆனால் முழுக்க வெள்ளையாக இல்லை. சரிவில் சாம்பல் பச்சையாகச் செடிகள் இருந்தன. நான் ஓடினேன். "ஏ தாயி, பாம்பு கீம்பு கெடக்கும்" என்று அத்தை பின்னாலிருந்து கத்தினார்.

சுற்றிலும் நிலத்தில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு மண்டியிருந்தது. பள்ளத்தாக்கில் அது புகாத இடம் கிடையாது. ரோட்டோரம், வாய்க்கால் கரை, பள்ளிக்கூட மைதானம் எல்லாம் அதன் சொத்துதான். குவியலின் அடிவரை வந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுகூட ஏறவில்லை. சரிவில் சிறுபீளை, பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்த வெள்ளைப் பூச்செடி, கொத்துக் கொத்தாக நின்றது. அதனூடே கொழுஞ்சி. அடியில் நெருஞ்சி படர்ந்திருந்தது. ஊசி போல ஒரு புல். உச்சியில் செடியே இல்லை, கருகிப்போன தோசை மாதிரி ஒரு கறுப்புப் படலம் மட்டும். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் கொஞ்சம் ஊற்றினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு மெல்லப் பச்சையானது.

"அய்யய்ய, உசுரு இருக்குதா அதுக்கு?" என்று அத்தை ஒரு அடி பின்னால் போனார்.

"பாசி, அத்தை. காஞ்சு தூங்கிக்கிட்டு இருக்கு. தண்ணி பட்டா முழிச்சுக்கும்."

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். இவை ஒன்றும் ஜிப்சத்துக்கென்றே பிறந்த அபூர்வச் செடிகள் இல்லை. எந்தப் பொட்டலிலும் கிடைப்பவைதான். இதுவும் இயற்கையான ஜிப்சம் தரை இல்லை, லாரியில் வந்தது. ஆனால் யார் மேலே ஏறினார்கள், யார் ஏறாமல் அடியிலேயே நின்றுவிட்டார்கள் என்பதுதான் நான் படித்த படிப்பு. அது இங்கே, யாரும் திட்டம் போடாமல், ஒரு மனிதர் மறந்துபோனதனால் நடந்திருந்தது. எங்கள் ஊர் ஓடைக்கரையில் நான் பல மைல் நடந்து பார்த்ததை இங்கே ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடத்தில் பார்த்தேன்.

"ஏலே, உன் பொண்டாட்டி தலைதீபாவளிச் சேலையோட புழுதியில உக்காந்துட்டாளே" என்றார் அத்தை மகனிடம்.

"விடும்மா. பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ மொகத்துல இவ்வளவு சந்தோசம் இல்ல" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். "மாமா, உங்க குவியல்ல அருமையாச் செடி வந்திருக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் கேலியில் சேர்ந்துகொண்டேன் என்று நினைத்திருப்பார். "அதுலயா? செடியா?" என்று கேட்டார். செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார். "மொத்தமாக் கொட்டினதுனாலதான இப்பிடி வந்திருக்கு?" என்றார்.

"ஆமா மாமா. எறச்சிருந்தா வந்திருக்காது."

அவர் உள்ளே திரும்பி, வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். "கேட்டுக்க. எறச்சிருந்தா வந்திருக்காதாம்."

*

அதற்குப் பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாரம் ஒரு தடவையாவது தேவாரத்துக்குப் பஸ் ஏறினார். நான் வகுப்பில் இருக்கும்போது போனுக்குப் படம் வரும். பாதிப் படம் அவருடைய கட்டைவிரலாக இருக்கும். மீதியில் ஒரு செடி. கீழே குரல் பதிவு. "ஆத்தா, இது என்ன?" இடைவேளையில் கூப்பிட்டு, "நெருஞ்சி, மாமா" என்பேன். "நெருஞ்சின்னு எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கான்னு கேட்டேன்" என்பார்.

டீக்கடையில் மாமா பேச்சே மாறிவிட்டது என்று என் கணவர் வந்து சொல்வார். முன்பெல்லாம் வெள்ளைக்கோட்டை என்றாலே டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறவர், இப்போது அவரே ஆரம்பிக்கிறாராம். "அது சாதாரணக் குமி இல்லப்பா. மருமக அதுல ஆராய்ச்சி பண்ணுறாக. உச்சியில ஒரு பாசி இருக்கு. தண்ணி தெளிச்சா முழிக்கும்." பக்கத்து நிலத்துக்காரரைக் கூட்டிப்போய்த் தண்ணீர் தெளித்துக் காட்டியும் விட்டாராம். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு வேலி வைத்தார்.

"கோட்டைக்கு இப்பத்தான் மதில் எழும்புது" என்றார் அத்தை.

இதற்கிடையில் நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். மகள் பிறந்தாள். மாமா போன் செய்வார். முதலில் பேத்தியைப் பற்றி இரண்டு கேள்வி. பால் குடிக்கிறாளா, தூங்குகிறாளா. பிறகு குரல் தாழும். "செடிகளைப் பத்தி நீ ஒண்ணும் நினைக்காத. நான் பாத்துக்கிடுறேன்."

பாத்துக்கிடுறேன் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாத நாட்கள் அவை. அக்கறையாகச் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

குழந்தையோடு ஊர் திரும்பி, கொஞ்ச நாள் கழித்து எல்லோருமாக ஒரு காரில் தேவாரம் போனோம். மாமா முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "போய்ப் பாரு, பேசாம வந்து பாரு" என்றார். நிலத்தில் இறங்கியதும் அவர்தான் முதலில் நடந்தார். முள்வேலிப் படலை விலக்கி, சன்னதித் திரையை விலக்குவது போலக் கையைக் காட்டினார்.

குவியல் பச்சைப்பசேலென்று இருந்தது.

திராட்சைத் தோட்டத்தில் மிச்சமிருந்த சொட்டுநீர்க் குழாயைக் கொண்டுவந்து உச்சி வரை வளைத்து வளைத்துப் போட்டிருந்தார். பக்கத்து நிலத்துக் கிணற்றிலிருந்து அதற்குத் தண்ணீர். தொழுஉரம் இரண்டு வண்டி. இறுகிய இடத்தையெல்லாம் ஆள் வைத்துக் கொத்தி விட்டிருந்தார். செடிகள் கொழுகொழுவென்று நின்றன. அத்தனையும் பார்த்தீனியம். அதன் நடுவே கோரை. அடியில் குனிந்து தேடினால் வெளுத்துப்போன ஒரு சிறுபீளை கிடைத்தது. உச்சியில் கறுப்புப் படலம் இருந்த இடத்தில் சாணி காய்ந்து கிடந்தது.

"எப்பிடி?" என்றார் மாமா.

"நல்லா இருக்கு மாமா" என்றேன்.

மாமா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். பேத்தியை வாங்கித் தூக்கிக் காட்டி, "பாருடி, தாத்தா வளத்தது" என்றார். அத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே நின்ற வரை அவர் ஒரு கேலியும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் பிடித்துக்கொண்டார். "என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லு."

சொன்னேன். அந்தச் செடிகளுக்கு அந்த இடம் கிடைத்ததே மற்றவை அங்கே வர முடியாததால்தான். சத்தும் தண்ணீரும் கொடுத்து, இறுகிய மேலோட்டையும் உடைத்துவிட்டால், வேகமாக வளர்கிற செடிகள் வந்து மூடிவிடும். பொறுமையாக வளர்கிறவற்றுக்கு வெயில்கூட மிஞ்சாது. மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.

அத்தை தலையாட்டினார். ராத்திரி சாப்பாட்டில் மாமா இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"ஏங்க, பட்டினி கெடந்து பழகுனதுக்கு விருந்து வெச்சீகளே, விருந்துன்னா ஊரே வந்து உக்காந்துராதா? வீட்டுக்காரனுக்கு எலை போட எடமில்லாமப் போச்சு."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். "கெடுத்துப்புட்டேனா?" என்று கேட்டார். "நல்லதுதான செஞ்சேன்?"

அவர் சாப்பிட்டு முடித்தார். தட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

*

காலையில் மாமா வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார் என்றார்கள். குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு, என் கணவரின் பைக்கில் நானும் போனேன். அவர் என்னை இறக்கிவிட்டு, தேவாரத்தில் ஒரு மோட்டாருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்பது என் எண்ணம்.

மாமா குவியலின்மேல் குந்தி உட்கார்ந்து பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். வெறுங்கை. முழங்கை வரை சிவந்து தடித்துப்போயிருந்தது.

"மாமா, அரிப்பு வந்துரும். விடுங்க."

"வந்தா வந்துட்டுப் போகுது."

மருந்து அடிக்கும்போது போடும் கையுறை என் பையில் இருந்தது. அதைக் கொடுத்தேன். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டினோம். சாணியை வழித்து வரப்பில் போட்டோம். எவையெல்லாம் இருக்க வேண்டும், எவை போக வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினார். கொழுஞ்சி ஒன்றைத் தெரியாமல் பிடுங்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி நட்டுவைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே பேசினார்.

"அன்னைக்கு லாரி வந்தப்ப நான் இங்கன இல்ல, ஆத்தா. தேனியில ஆஸ்பத்திரியில இருந்தேன். உங்க அத்தைக்கு வயித்துல கட்டின்னு அன்னைக்குத்தான் ஆபரேசன். டிரைவர் போன் மேல போன் போடுறான். வண்டி சொருகிக்கிருச்சு, எங்கன கொட்டன்னு கேக்குறான். எங்கனயாச்சும் கொட்டிட்டுப் போப்பான்னு வச்சுட்டேன். அப்புறம் அவ எந்திரிச்சு நடக்குறதுக்குள்ள ரெண்டு மழை பெஞ்சுருச்சு."

"இதை ஏன் மாமா நீங்க யார்கிட்டயும் சொல்லல? இத்தனை வருஷமா உங்களை எல்லாரும் மறந்துட்டீங்க, மறந்துட்டீங்கன்னு..."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ பேசவே மாட்டா. யாரு வந்தாலும் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிடுவா. அவ அப்பன் வீட்டு நிலத்தைக் காட்டுனா மனசு தெளியும்னு ஒருநாள் காரு பிடிச்சுக் கூட்டியாந்தேன். இங்கன வந்து எறங்குனதும் இதைப் பாத்தா. இது என்னங்க கருமம்னு கேட்டா. ஜிப்சம்னேன். இம்புட்டுமான்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. தையல் விட்டுருமேன்னு எனக்கு உதறுது. சரி, இதுனால சிரிக்கிறாளா, சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து மறுபடி பிடுங்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி என்ற சொல் வந்ததுமே அத்தை நிமிராமல் சொன்னார்.

"எனக்குத் தெரியாமலா இருக்கும்? அவுக பக்கத்துலதான கட்டில்ல படுத்திருந்தேன். எங்கனயாச்சும் கொட்டிட்டுப் போப்பான்னு அவுக கத்துனது அந்த வார்டுக்கே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அத்தை அவரை இந்தப் பாடு படுத்துறீங்க?"

"பின்னே, அதைச் சொன்னா அவுக கண்ணைக் கசக்குவாக, நானும் கசக்கணும். இப்பிடின்னா ரெண்டு பேருக்கும் பொழுது போகும்ல." ஒரு கை மொச்சையை என் மடியில் போட்டார். "சும்மா இருக்காத, உரி."

*

குவியல் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொத்திவிட்ட கிழக்குச் சரிவில் இன்னும் பார்த்தீனியம் வருகிறது, வரவரப் பிடுங்குகிறோம். கொழுஞ்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாமா பிடுங்கி நட்டது பிழைக்கவும் இல்லை. ஆனால் மழைக்குப் பிறகு முதலில் தலைகாட்டியது சிறுபீளை. உச்சியில் அங்கங்கே ஓடு இறுகி, திட்டுத் திட்டாகக் கறுப்புப் படலம் கூடுகிறது. அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு. தண்ணீர் தெளித்துக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார். "தூங்குறதைத் தூங்க விடணும்" என்கிறார்.

போன வருஷம் என் மாணவர்களைக் கல்லூரிப் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனேன். மாமா வெள்ளை வேட்டி கட்டி, அத்தையையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்பே போய் நின்றிருந்தார். எது எங்கே நிற்கிறது, எது ஏன் ஏறவில்லை என்று நான் பாடம் நடத்தினேன். அவர் என் பக்கத்திலேயே நின்று, நான் சொல்லி முடித்ததையெல்லாம் இன்னொரு தடவை சொன்னார். மாணவர்களும் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு மாணவி கேட்டாள். "ஐயா, நிலம் பூரா எறைக்காம ஏன் இங்கன மட்டும் மொத்தமாக் கொட்டுனீக?"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை வேப்பமரத்தடியில் எலுமிச்சை சாதப் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாத பேச்சு கிடையாது.

மாமா தொண்டையைச் செருமினார். "ஆராய்ச்சிக்குத்தாம்மா" என்றார். "பின்னால ஒரு காலத்துல உதவும்னு யோசிச்சுக் கொட்டுனது."

அந்தப் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம். அத்தையைப் பார்த்து, "அப்பிடியாம்மா?" என்று கேட்டாள்.

அத்தை பொட்டலத்தைக் கீழே வைத்தார். உதட்டைக் கடித்தார். "ஆமாத்தா" என்றார். "அவுக எதையும் யோசிக்காமச் செய்ய மாட்டாக."

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். நான் பின்னால் வருவதாகச் சொல்லி மாமா, அத்தையுடன் நின்றுகொண்டேன். மாமாவுக்கு நிம்மதி இருக்கும் என்று நினைத்தேன். அவரோ அத்தையையே பார்த்தபடி நடந்தார். ரோட்டுக்கு வந்ததும் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"ஏன் சிரிக்கல? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"வயிறு கியிறு வலிக்குதா? தேனிக்குப் போவமா?"

"பிள்ளைக முன்னாடி எதுக்குன்னு விட்டேன். வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிடுறேன்" என்றார் அத்தை.

மாமாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஆனால் வீடு வரையெல்லாம் அத்தையால் பொறுக்க முடியவில்லை. உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்குள், "பின்னால ஒரு காலத்துல உதவுமாம்ல!" என்று ஆரம்பித்துவிட்டார்.